எண்மாலையும் சுழல் தசமமும்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் வாழ்ந்தவர் மகாவீராசாரியார். ஏறத்தாழ 850ஆம் ஆண்டளவில் அவர் வடமொழியில் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’ மகாவீர ஜினேந்திரருக்குச் செலுத்தும் வணக்கத்துடன் தொடங்குகிறது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்காக்கினார். 1912இல் பேராசிரியர் ம. ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசு அச்சகத்தில் அது நூலுருப் பெற்றது.

பெருக்கலைக் கூறுமிடத்து ஆசாரியர் சில வினாக்களை அமைத்துள்ளார். அவற்றின் விடைகள் இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும். இவற்றை அவர் கழுத்தணிகளுக்கு ஒப்பிட்டார். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151. 12345679ஐ 9ஆல் பெருக்கினால் 111111111. 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111. 142857143ஐ 7ஆல் பெருக்கினால் 1000000001.

இவற்றுள் இறுதியாகக் கூறிய மாலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பள்ளிப் பிள்ளைகள் 1ஐ 7ஆல் வகுக்கும்போது 0.142857142857... என முடிவின்றிச் செல்லும் தசமத்தைக் காண்கின்றனர். ஏன் முடிவதில்லை? 7ஆல் வகுக்கும்போது எஞ்சக்கூடிய மீதிகள் 1 முதல் 6 வரை ஆறே. 1இல் தொடங்கினால் மீதிகள் 3, 2, 6, 4, 5 என வந்து மீண்டும் 1ஐ அடைகின்றன. பழைய மீதி திரும்பியவுடன் பழைய ஈவும் திரும்பியே ஆக வேண்டும். 142857ஐ 2ஆல் பெருக்கினால் 285714, 3ஆல் பெருக்கினால் 428571. 6 வரையில் அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் சுழன்று நிற்கும். 7ஆல் பெருக்கினாலோ 999999.

இதில் மற்றொரு நயமும் உண்டு. சுழலை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 142 + 857 = 999. மூன்றாம் படியில் மீதி 6, அதாவது 7க்கு ஒன்று குறைவு. அங்கிருந்து வரும் ஈவுகள் முதல் மூன்றையும் ஒன்பதுக்கு நிரப்புகின்றன. பகா எண்ணால் வகுக்கையில் சுழலின் நீளம் இரட்டைப்படையானால் இவ்வாறே நிகழும் என்பதை மிதி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1836இல் வெளியிட்டார். 17க்குரிய சுழல் 0588235294117647. இதன் இரு பாதிகளையும் கூட்டிப் பார்க்கலாம்.

இனி ஆசாரியரின் மாலைக்கு வருவோம். நூறு கோடியை 7ஆல் வகுத்தால் ஈவு 142857142, மீதி 6. ஒன்பதாம் படியிலும் மீதி 6 ஆதலால், ஒன்றைக் கூட்டினால் மீதியின்றி வகுபடும், ஈவு 142857143. மாலையின் இருமுனையிலும் ஒன்று நிற்பதன் காரணம் இதுவே. 12345679 என்பது 81இன் தலைகீழிக்குரிய சுழலேயாகும்: 0.012345679012345679... எட்டு மட்டும் விடுபட்ட விந்தை, அடுத்து வரும் பத்தின் ஒன்று முன்னிலக்கத்தில் ஏறியதால் விளைந்தது. 152207ஐ 9ஆல் பெருக்கினால் 1369863. 73இன் தலைகீழியோ 0.01369863 எனச் சுழல்வது.

இதனைக் கொண்டு ‘சுழல் தசமத்தைக் கண்டவர் நம் ஆசாரியரே’ என எழுதிவிடுதல் முறையன்று. அவர் பின்னங்களைத் தொகுதி, பகுதி கொண்டே கையாண்டார். பத்தின் கூறுகளாக எழுதும் தசமப் பின்னத்தை ஐரோப்பாவில் பரவச் செய்தது ஸ்டெவின் 1585இல் வெளியிட்ட சிறுநூல். சுழல்களின் இலக்கணத்தைக் காஸ் 1801இல் தம் பெருநூலில் விரித்துரைத்தார். ஆசாரியர் பெருக்கற்பலனில் அழகு தேடினார். அவ்வழகைத் தரும் எண்கள், வகுத்தலில் சுழலை விளைவிக்கும் அதே எண்களாயின. இல்லாத பெருமையை ஏற்றுவதைவிட இந்த உண்மையே அவருக்கு அணி செய்வது.

எல்லாப் பகா எண்களும் 7 போல் முழுச்சுழல் தருவதில்லை. 13க்குப் பன்னிரண்டு மீதிகள் உண்டு. ஆயினும் அவை 076923, 153846 என்னும் ஈரறு இலக்கச் சுழல்களாகப் பிரிந்துவிடுகின்றன. 7, 17, 19, 23, 29 ஆகியன முழுச்சுழல் உடையவை. இத்தகைய பகா எண்கள் எண்ணற்றவை என்பது ஆர்ட்டின் 1927இல் முன்வைத்த கருதுகோளிலிருந்து பெறப்படுவது. அதனை இன்றுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை.