சாயர்புரமும் முத்துக்குளித்துறையும்: ஞானோபதேச வகுப்புகளின் வரலாறு

பிள்ளைகளுக்கும் வாலிபருக்கும் பெரியவர்களுக்கும் வேதத்தையும் விசுவாசத்தின் அடிப்படைகளையும் முறையாகக் கற்றுத்தரச் சபைகள் நடத்துவதே ஞானோபதேச வகுப்பு. கத்தோலிக்கர் இன்று இதை மறைக்கல்வி என்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, பதின்வயதினருக்குத் திடப்படுத்தல் வகுப்பு, பெரியவர்களுக்கு வேதபாடம் என வயதுக்கேற்பப் பெயர் மாறும். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, தாமிரபரணிக்கு வடக்கே பனங்காட்டு நிலத்தில் அமைந்த சாயர்புரத்தில் இந்தக் கல்விக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு வயது. முத்துக்குளித்துறை எனப்படும் பக்கத்துக் கடற்கரையில் அது ஐந்து நூற்றாண்டை நெருங்குகிறது.

வழக்கமாக இது வெளிநாட்டு மிஷனரிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் ஊர் ஊராக உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள்: கணக்கப்பிள்ளை, வேதியர், உபதேசியார், இன்றைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். வகுப்பு அறுபடாமல் நின்றது அவர்களால்தான்.

கடற்கரையில் தொடக்கம்

முத்துக்குளித்துறையின் கடலோர மக்களான பரதவர் 1530களில் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். முழுக்கு நடந்ததே தவிர, கற்பிக்க ஆள் இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, மக்கள் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னார்கள். அதற்கு மேல் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. தமிழும் போர்ச்சுகீசியமும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அந்த வகுப்பை அவரே விவரிக்கிறார். நாளுக்கு இரண்டு முறை பிள்ளைகள் கூடுவார்கள். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர்கள் சொல்லித்தர வேண்டும். ஞாயிறன்று ஊர் முழுவதும் கூடும். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மக்கள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘இதை நம்புகிறீர்களா’ என்று கேட்க, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து ‘ஆம்’ என்பார்கள். நோயாளிகளின் வீடுகளுக்கும் தமக்குப் பதிலாகப் பிள்ளைகளையே ஜெபிக்க அனுப்பினார். பெரியவர்களுக்குப் பிள்ளைகள் ஆசிரியரான இந்த முறை, இக்கடற்கரை ஞானோபதேசத்தின் முதல் தனித்தன்மை.

அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது பாடத்தின் எழுத்துப் படியை விட்டுச் சென்றார். அதைத் தொடர்ந்து நடத்த ஊரிலேயே ஓர் ஆளை அமர்த்தினார். இந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் வேண்டும். முத்துக்குளித்துறை வரியில் ஒரு பகுதி போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தைப் பாடம் நடத்துவோருக்குத் தரும்படி ராணிக்கு எழுதி, அதைப் பெற்றும் கொண்டார். முத்துக் குளித்தவர்களின் உழைப்பில் விளைந்த பணம் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பியது நியாயமானதே.

1546இல் இந்தியா வந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றவர். ஐம்பது ஆண்டுக்கு மேல் இக்கரையில் வாழ்ந்தவர். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்தான் அவர் பணியின் மையம். ‘தம்பிரான் வணக்கம்’ என்ற அவருடைய 16 பக்க நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் இதுவே மூத்தது. ஒரு படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியர் மாணாக்கர் உரையாடலாக, வினா விடையில் அமைந்தது. அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருள் கொடுத்தார்கள். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த முதல் நூல் ஒரு காவியம் அல்ல, அரசாணையும் அல்ல. ஞானோபதேச வகுப்பின் பாடப்புத்தகம். தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதுவோர் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

அடுத்த இரு நூற்றாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தத்துவ போதகர் மதுரையில் ஞானோபதேச நூல்கள் எழுதினார். வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். பாடம் நடத்துகிறவர் எப்படி வாழவேண்டும் என்று அவருக்கே சொல்லும் நூல் அது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாட்டிலும் கும்மியிலும் அதே பாடத்தைச் சொன்னார். எழுத்தறியாத பெரியவர்களுக்குப் புத்தகத்தைவிட இவருடைய கீர்த்தனைகளே அதிகம் கற்பித்தன என்று துணிந்து சொல்லலாம்.

பனங்காட்டில் ஒரு செமினரி

பாளையங்கோட்டையில் வாழ்ந்த சாமுவேல் சாயர் என்ற வணிகர், 1814இல் புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயரில் எழுந்த ஊரே சாயர்புரம். சபையாரில் பெரும்பாலோர் பனைத்தொழில் செய்த எளிய மக்கள். திருநெல்வேலி மிஷன் ஊர்களில் காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும். ஜெபத்தோடு உபதேசியார் அன்றைய பாடத்தை வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பார். பகலெல்லாம் பனையிலும் விடிலியிலும் வேலை செய்தவர்களுக்கு அந்த அந்தி ஜெபமே பள்ளிக்கூடம். ஞானஸ்நானம் கேட்கும் பெரியவர், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், விசுவாசப்பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் ஒப்பிக்க வேண்டும்.

ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் ஞானோபதேசம் பிள்ளையின் பெயரைக் கேட்டே தொடங்குகிறது. அடுத்த கேள்வி, அந்தப் பெயரை யார் கொடுத்தார்கள் என்பது. சாதிப் பெயராலும் இழிசொல்லாலும் அழைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, சபை நடுவில் எழுந்து நின்று தன் பெயரை உரக்கச் சொல்வதுதான் அங்கே முதல் பாடம். வினாவிடை முறை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. பொருள் விளங்காமல் ஒப்பித்த தலைமுறைகளும் உண்டு. ஆயினும் பள்ளி வாசல் மூடியிருந்த மக்களுக்கு அதுவே திறந்த முதல் கதவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1842இல் மிஷனரி ஜி. யு. போப் சாயர்புரம் வந்தார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் குருமாரையும் உள்ளூரிலேயே உருவாக்க 1844இல் செமினரி தொடங்கினார். பனங்காட்டு ஊர்ப் பையன்களுக்கு வேதத்தோடு கிரேக்கமும் லத்தீனும் எபிரேயமும் கற்பித்தார். அது அளவுக்கு மீறிய பாடத்திட்டம் என்று தோன்றலாம். ஆனால் வேதத்தை அதன் மூலமொழியில் படிக்கும் உரிமை ஆக்ஸ்போர்டு மாணவனுக்கு மட்டும் உரியதல்ல என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்காகவே போப்பையரை மதிக்கிறோம். இலக்கணத்தையும் அவர் சிறுவர்க்கு வினாவிடையாகவே எழுதினார். ஞானோபதேச வகுப்பில் பழகிய வடிவம் தமிழ் வகுப்புக்குள் நுழைந்தது. அது சமய எல்லையையும் தாண்டியது: மெதடிஸ்டு பள்ளியில் பணியாற்றி விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பின்னாளில் சைவப் பிள்ளைகளுக்காக ‘சைவ வினாவிடை’ எழுதினார்.

இந்தச் செமினரிக்கு 1853இல் தமிழாசிரியராக வந்தவர், கம்பனில் தோய்ந்த வைணவரான கிருஷ்ணபிள்ளை. வேதம் கற்கும் மாணவர்களுக்கு நடுவில் தமிழ் கற்பித்த ஆண்டுகளில் அவர் மனம் திரும்பியது. 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஆனார். 1894இல் அவர் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஆங்கில எழுத்தாளர் பனியனின் மோட்சப் பயண நூலைத் தமிழ்க் காவியமாக்கியது. சாயர்புரம் வகுப்பறை தமிழுக்குத் தந்த மிகப்பெரிய கொடை எது என்று கேட்டால், இந்தக் காவியத்தையே சொல்வேன்.

செமினரி வளர்ந்து 1880இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாயிற்று. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1883இல் அதைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். அது கால்டுவெல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. சாயர்புரத்துக்கு அது இழப்பே. ஊருக்கு மீண்டும் கல்லூரி வர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் போப் பெயரே சூட்டப்பட்டது. இந்த மாற்றங்களுக்கு முன்பே, 1877–78 பஞ்சக் காலத்தில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர வந்தபோது, கற்பிக்க ஆள் போதாமல் மிஷன் திணறியது. முந்நூறு ஆண்டுக்கு முன் சவேரியார் கண்ட அதே சிக்கல் திரும்பி வந்தது: சேர்வது எளிது, கற்பிப்பது கடினம்.

ஓய்வுநாள் பள்ளி

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி நடத்தும் இயக்கம் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியது. வாரமெல்லாம் ஆலையில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று எழுத்தறிவு கொடுப்பதே அதன் முதல் நோக்கம். 1876இல் அலகாபாத்தில் இந்திய ஓய்வுநாள் பள்ளிச் சங்கம் உருவானது. வகுப்பு வயதுவாரியாகப் பிரிந்தது. வினாவிடையின் இடத்தைக் கதையும் பாட்டும் படமும் மெல்லப் பிடித்தன. பவர் ஐயர் திருத்தி 1871இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பே மனப்பாட வசனங்களின் மூலமாயிற்று. இன்றும் இப்பகுதிப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் வசனம் பெரும்பாலும் அந்த நடையில்தான் வரும்.

திருச்சபை நிர்வாகம் பலமுறை மாறியது. 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம். கத்தோலிக்கருக்கு 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம். வகுப்பின் அமைப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை. ஞாயிறு ஆராதனையை ஒட்டிச் சிறுவர் வகுப்பு. கோடை விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி. பேராயர் கைவைத்துத் திடப்படுத்தும் முன் பதின்வயதினருக்குத் தொடர் பாடம், அதன்பின் முதல் திருவிருந்து. பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் பெரியவர்களுக்கான வேதபாடம். கற்பிப்போர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத சபையார். அவர்களில் பெண்கள் கணிசமானவர்கள்.

டியூஷனும் தேர்வும் ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கும் இக்காலத்தில் மிகவும் நலிந்திருப்பது பதின்வயதினர் வகுப்பே. திடப்படுத்தல் முடிந்ததும் வகுப்பும் முடிந்தது என்று பெற்றோர் நினைப்பது இதற்கு முக்கியக் காரணம்.

சவேரியார், அன்ரிக்கஸ், போப், கால்டுவெல் ஆகியோரின் கடிதங்கள் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் உபதேசியார்களின் பாட நோட்டுகளும், ஓய்வுநாள் பள்ளி வருகைப் பதிவேடுகளும், பழைய வினாவிடைச் சிறுநூல்களும் பரணில் கறையானுக்குப் போகின்றன. சாயர்புரம் வட்டாரத்தில் யார் வீட்டிலாவது அப்படி ஒரு நோட்டு இருந்தால், பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சேகர குருவிடமோ பக்கத்துக் கல்லூரி நூலகத்திலோ ஒப்படையுங்கள்.