செயற்கைக் கால் எப்போது சொந்தக் கால் ஆகிறது?

 

ஹட்டனில் தோட்டமானாலும் டவுனானாலும், சீனி வருத்தத்தாலோ விபத்தாலோ காலை இழந்த ஒருவரையாவது நாம் அறிந்திருப்போம். சிலருக்குச் செயற்கைக் கால் கிடைத்தும், அது வீட்டு மூலையில் சாத்தப்பட்டே கிடக்கும். "இலவசமாகக் கொடுத்ததைக்கூடப் போடமாட்டேங்குறாரே" என்று ஊர் பேசும். அப்படிப் பேசுமுன் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

நபித்தோழர் அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்கள் அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்பது நமக்குத் தெரியும். ஆனால் வெள்ளி அந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராத ஒன்றை "பொறுத்துக்கொள்" என்று அவரிடம் சொல்லப்படவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இனி மருத்துவ வரலாற்றுக்கு வருவோம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் கை கால்களை இழந்தார்கள். அவர்களைக் கவனித்த வைத்தியர் சைலஸ் வெயர் மிட்செல், வெட்டியெடுத்த பிறகும் கால் இருப்பதுபோலவே அவர்கள் உணர்வதைப் பதிவு செய்தார். இல்லாத காலில் அரிப்பு, வலி, விரல் மடக்கும் உணர்வு. கால் போனாலும் மூளைக்குள் இருக்கும் காலின் படம் அழிவதில்லை. செயற்கைக் காலை மாட்டியதும் அந்த 'இல்லாத கால்' அதற்குள் போய்ப் பொருந்திக்கொள்வதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

1911இல் லண்டன் நரம்பியல் வைத்தியர்களான ஹென்றி ஹெட், கோர்டன் ஹோம்ஸ் இருவரும் இன்னொன்றைச் சொன்னார்கள். நம்மோடு சேர்ந்து அசையும் எந்தப் பொருளையும் மூளை அந்தப் படத்தில் சேர்த்துக்கொள்ளும்; தொப்பியில் செருகிய இறகின் நுனிவரை உடம்பு நீளும் என்றார்கள். நமக்கு இதற்குத் தொப்பி தேவையில்லை. தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரைப் பாருங்கள். நிரைகளுக்கிடையே திரும்பும்போது பின்னால் பார்ப்பதில்லை. கூடை எதில் படும், எதில் படாது என்று முதுகுக்கே தெரியும்.

ஆனால் எல்லாப் பொருளையும் உடம்பு இப்படி ஏற்பதில்லை. மேற்கத்தேயச் செயற்கைப் பாதங்கள் சப்பாத்துப் போட்டு, கதிரையில் அமர்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும், தரையில் சம்மணமிடுபவருக்கும், குந்தி இருப்பவருக்கும் அவை உதவவில்லை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் சேர்ந்து இறப்பராலும் மரத்தாலும் வேறொரு பாதத்தை உருவாக்கினார்கள். அது வளையும், நனையலாம், சப்பாத்து வேண்டியதில்லை. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பஸ் விபத்துக்குப் பின் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு வலியைத் தாங்கிப் பயிற்சி செய்து 1984இல் மீண்டும் மேடையில் ஆடினார். சின்னத்திரைத் தொடர்களில் நாம் பார்த்த அதே சுதா சந்திரன்தான்.

1980களில் இந்தத் தொழில்நுட்பம் நம் நாட்டுக்கும் வந்தது. கொழும்பில் ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டியும் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனமும் போரில் காலிழந்த எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தன.

இப்போது அந்த மூலையில் கிடக்கும் காலுக்கு வருவோம். வெட்டிய காலின் மிச்சப் பகுதி முதல் மாதங்களில் சுருங்கிக்கொண்டே வரும். அன்று அளவெடுத்துச் செய்த கிண்ணம் பிறகு தளரும், உரசும், புண்ணாக்கும். சீனி வருத்தக்காரருக்கு அந்தப் புண் பெரிய ஆபத்து. வளரும் பிள்ளைக்கோ அடிக்கடி மாற்ற வேண்டிவரும். அதோடு நம் மண் சமதரை அல்ல. லயத்துக்குப் போக படிகள், வழுக்கும் மண்பாதை, மழை. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும், நாட்சம்பளமும் போய்விடும். ஆகவே திருத்தப் போகாமலே கால் மூலைக்குப் போய்விடுகிறது. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

எனவே, கால் கொடுக்கும் வைபவத்தோடு நம் கடமை முடிவதில்லை. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், சங்கம் எதுவானாலும், கால் கொடுக்கும்போதே மறு அளவுக்கான பயணச் செலவையும் சேர்த்துப் பேசுவோம். தெரிந்தவர் வீட்டில் கால் மூலையில் கிடந்தால், "ஏன் போடவில்லை?" என்று கேட்காமல், "எங்கே உரசுகிறது?" என்று கேட்போம்.

இன்னொன்று. ஒருவரின் ஊன்றுகோலையோ சக்கர நாற்காலியையோ அவரைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அது சாமான் இல்லை, அவருடைய உடம்பு.

யாருக்காவது பயன்படும் என்று நினைத்தால் பகிர்ந்துகொள்ளுங்கள்.