அமெரிக்க விடுதலைப் போரும் வடசென்னையும்

அமெரிக்க நாட்டு விடுதலைப் போரைப் பாஸ்டன் துறைமுகத்தில் தொடங்கி யார்க்டவுனில் முடித்துவிடுவது பாடநூல் எழுதுவோர் வழக்கம். அவ்வழக்கம் பிழையுடையது அன்று, ஆயினும் குறையுடையது. யார்க்டவுனில் ஆங்கிலப்படை சரணடைந்து இருபது திங்கள் கழிந்தபின், 1783ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அப்போரின் இறுதிப் பெருஞ்சண்டை நம் கடலூரில் நிகழ்ந்தது. அப்போர் விளைத்த பஞ்சத்தின் பெயர் ஒன்று இராயபுரத்தை அடுத்து இன்றும் மக்கள் வாயில் வழங்குகின்றது. பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் கிளர்ச்சிக்கும் சோழமண்டலக் கரைக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. இக்கரையில் நிகழ்ந்தவை அக்கிளர்ச்சியின் காரணங்களுள் ஒன்றாயின. அக்கிளர்ச்சியின் விளைவு மீண்டும் இக்கரையையே வந்து சேர்ந்தது. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளர்ச்சியின் வேர் ஏழாண்டுப் போரில் உள்ளது. அப்போர் அமெரிக்கக் காடுகளில் மட்டுமன்றிச் சென்னையிலும் நடைபெற்றது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுக் கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றினான். 1759 பிப்ரவரியில் முற்றுகையைக் கைவிட்டு மீண்டான். 1763இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆங்கில அரசு வென்றது. ஆனால் அதன் கடன் ஏறத்தாழ 13 கோடிப் பவுனாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படையின் செலவில் ஒரு பங்கை அங்குக் குடியேறியவரே தருதல் வேண்டும் என இலண்டனில் ஆள்வோர் கருதினர். 1764இல் சர்க்கரைச் சட்டமும், 1765இல் முத்திரைத்தாள் சட்டமும் பிறந்தன. தம் உறுப்பினர் ஒருவரும் அமராத நாடாளுமன்றம் தம்மீது வரி விதித்தல் முறையன்று என்பது குடியேறியவர் வாதம். அவ்வாதத்திற்கு நாடாளுமன்றத்தில் வலிவு தந்தவருள் தலையாயவர் வில்லியம் பிட். இவருடைய பாட்டனார் தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். அக்குடும்பத்தின் செல்வம் இங்கு வாங்கிய வைரத்தினின்று பெருகியது.

ஈண்டு ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. லாலியின் முற்றுகையும், 1767 முதல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னைப் புறநகர்களில் புகுந்தமையும் கும்பெனியாரை அச்சுறுத்தின. எனவே கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் பணி பால் பென்பீல்டு என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1769 முதல் 1772 வரை நடைபெற்றது. செலவை நகரமக்களிடமே வரியாகப் பெறக் கும்பெனியார் முற்பட்டனர். மேற்கு மதிலை ஒட்டிய சாலை வால்டாக்ஸ் சாலை எனப் பெயர்பெற்றது இதனாலேயாம். நும்மைக் காக்கும் செலவை நீவிரே தருக என்னும் அதே கூற்று, அதே பத்தாண்டில், பாஸ்டனிலும் சென்னையிலும் கேட்டது. பாஸ்டன் மக்களுக்குத் தம் கருத்தைக் கூறச் சட்டமன்றங்கள் இருந்தன. முத்தியால்பேட்டை வணிகருக்கு விண்ணப்பம் ஒன்றே இருந்தது. இவ்வேறுபாட்டை மறந்து இவ்விரண்டையும் ஒருதரமாக எண்ணுதல் கூடாது.

முத்திரைத்தாள் சட்டம் 1766இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கண்ணாடி, தாள், வண்ணம், தேயிலை முதலியவற்றின்மீது வரி வந்தது. 1770இல் தேயிலை வரி ஒன்று நீங்கலாக ஏனையவும் நீக்கப்பட்டன. அந்நிலையிலேயே பூசல் தணிந்திருத்தல் கூடும். அதனைத் தணியவிடாது செய்தது கிழக்கிந்தியக் கும்பெனியின் பொருள் முடை. அம்முடையின் ஒரு கூறு சென்னையில் தோன்றியது. 1769இல் ஐதர் அலி விரைந்து வந்து சென்னையின் வாயிலில் நின்று, ஏப்ரல் திங்களில் தான் வேண்டிய உடன்படிக்கையைப் பெற்று மீண்டான். கர்நாடகப் போர்ச் செய்தி இலண்டனை எட்டியதும் கும்பெனியின் பங்குவிலை சரிந்தது. 1770இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் அழித்தது. 1772இல் ஐரோப்பியப் பணச்சந்தை நிலைகுலைந்தது. கும்பெனியின் கிட்டங்கிகளில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் பவுண்டு எடையுள்ள சீனத் தேயிலை விலைபோகாமல் கிடந்தது. அரசு 14 இலட்சம் பவுன் கடன் தந்தது. அத்துடன் 1773இல் தேயிலைச் சட்டத்தையும் இயற்றிக் கும்பெனி நேராகவே அமெரிக்காவிற்குத் தேயிலை அனுப்ப வழிசெய்தது. பவுண்டுக்கு மூன்று பென்னி வரி மட்டும் நின்றது. விலை குறைந்தும் குடியேறியவர் மகிழவில்லை. வங்காளத்தைச் சூறையாடிய கும்பெனி நாளை நம்மிடமும் வரும் என அவர்தம் துண்டறிக்கைகள் எச்சரித்தன. 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டனில் மூன்று கப்பல்களினின்று 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. ஐதரின் படையெடுப்பே இதற்குக் காரணம் என்பது மிகைக்கூற்றாகும். ஆயின் காரணங்களின் வரிசையில் அதற்கு இடமில்லை என்றலும் பொருந்தாது.

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. 1774இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது; குடியேற்ற நாடுகளின் பேராளர் பிலடெல்பியாவில் கூடினர். 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனில் துப்பாக்கி முழங்கியது. 1776 ஜூலை 4இல் விடுதலை அறிக்கை வெளிவந்தது. எல்லா மனிதரும் நிகர் எனப் பேசிய அவ்வறிக்கை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை விடுவிக்கவில்லை. 1777 அக்டோபரில் சாரட்டோகாவில் ஆங்கிலப்படை ஒன்று சரணடைந்தது. அதனைக் கண்ட பிரான்சு, 1778 பிப்ரவரியில் அமெரிக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. போர் உலகப்போராயிற்று.

அச்செய்தி வந்ததும் சென்னைக் கும்பெனியார் காலம் தாழ்த்தவில்லை. 1778 அக்டோபரில் புதுச்சேரி வீழ்ந்தது. 1779 மார்ச்சில் மாகியும் வீழ்ந்தது. மாகி ஐதருக்குப் படைக்கலம் வந்திறங்கிய துறை. தன் காவலில் உள்ளது என அவன் அறிவித்திருந்த இடம். மராட்டியர் தாக்கியபோது 1769 உடன்படிக்கையின்படி கும்பெனியார் உதவவில்லை என்னும் சினமும் அவனுக்கு முன்பே உண்டு. 1780 ஜூலையில் அவன் பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து இறங்கினான்.

குண்டூரிலிருந்து தெற்கு நோக்கி வந்த பெய்லி என்பானின் படை, ஆகஸ்டு 25ஆம் நாள் கொசத்தலை ஆற்றின் வடகரையில் தங்கியது. எண்ணூர்க் கழியில் கடலொடு கலப்பது இவ்வாறே. தங்கிய அன்று ஆறு வறண்டிருந்தது, அன்றிரவே கடந்திருக்கலாம். வெள்ளம் வந்தது, செப்டம்பர் தொடக்கம் வரை படை அக்கரையிலேயே நின்றது. காஞ்சியிலிருந்த மன்றோவின் படையுடன் அது சேரவே இல்லை. செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் அப்படை அழிந்தது. மன்றோ தன் பெரும்பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினான். அமெரிக்கப் போரை ஒட்டி ஆங்கிலேயர் இந்தியாவில் அடைந்த தோல்விகளுள் இதுவே மிகக் கொடியது.

வென்றவன் ஐதர், தோற்றவர் கும்பெனியார், அழிந்தவர் உழவர். சென்னைக்கு உணவு கிடைக்கலாகாது என்று சூழவுள்ள ஊர்களை ஐதரின் குதிரைப்படை எரித்தது; ஏரிகள் உடைந்தன; மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கும்பெனியாரும் குற்றமற்றவர் அல்லர். ஐதர் வருகிறான் என்ற செய்தியை இகழ்ந்தும், நெல்லும் வண்டிமாடும் முன்னரே சேர்க்காதும், நவாபின் கடன்பத்திரங்களில் மனம் வைத்தும் இருந்தவர் அவர். ஊர்விட்டு ஓடியவர் ஆயிரக்கணக்கில் மதிலைச் சுற்றிக் குழுமினர். இனி நகரத்தின் வயிறு கடல்வழி வரும் அரிசியையே நம்பி நின்றது.

கடலும் அமைதியாக இல்லை. 1780 டிசம்பரில், அமெரிக்கருடன் வணிகம் நடத்திய ஒல்லாந்தர்மீதும் ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். 1781இல் எண்ணூர்க்கு வடக்கே ஒல்லாந்தரின் பழைய நிலையமாகிய பழவேற்காடும், தெற்கே சதுரங்கப்பட்டினமும், நவம்பரில் நாகப்பட்டினமும் கைப்பற்றப்பட்டன. 1782 பிப்ரவரி 15ஆம் நாள் சுப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படை சென்னைக்கு எதிரே தோன்றியது. இரண்டு நாள் கழித்துச் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையுடன் பொருதது. அவ்வாண்டில் அவ்விருவரும் நான்கு முறை மோதினர். வங்கத்திலிருந்து அரிசி ஏற்றிவரும் கப்பல்களுக்கு இக்கடல் காவலற்ற வழியாயிற்று. சென்னைக்கு அன்று கட்டிய துறைமுகம் இல்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகள் மசூலாப் படகில் அலைகடந்து வரவேண்டும். 1782 அக்டோபர் நடுவில் ஹியூஸ் பருவக்காற்றுக்கு அஞ்சிப் பம்பாய் நோக்கிப் பாய்விரித்தான். அவன் புறப்பட்ட இரவே புயல் வீசிற்று. மறுநாட் காலையில் அரிசிக் கப்பல்களின் சிதைவுகள் கரை நெடுகக் கிடந்தன.

பசி முற்றிய அவ்வாண்டில்தான், மதிலின் வடபுறத்தே இராயபுரத்தை ஒட்டி மணியக்காரர் ஒருவர் முயற்சியால் கஞ்சி வார்க்கும் சத்திரம் எழுந்தது. மணியக்காரர் என்னும் சொல் ஆங்கிலேயர் வாயில் 'மணேகர்' எனத் திரிந்தது. பெரிய தொட்டியில் கஞ்சி காய்ச்சி ஊற்றியமையின் மக்கள் அவ்விடத்தைக் கஞ்சித்தொட்டி என்றனர்.

அதற்குள் அமெரிக்கர் போர் முடிந்துவிட்டது. 1781 அக்டோபர் 19இல் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் சரணடைந்தான். அவனே 1786இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் ஐதரின் மகன் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தான். ஐதரின் பெயரை அமெரிக்கர் அறிந்திருந்தனர். 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் 'ஐதர் அலி'. அவ்வைதர் 1782 டிசம்பரில் சித்தூர் அருகே இறந்தான்.

1783 ஜனவரியிலேயே பிரான்சும் இங்கிலாந்தும் முன்னுடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அச்செய்தி கப்பலில் வருமுன் ஜூன் 13ஆம் நாள் கடலூர்க் கோட்டைக்கு வெளியே இரு பக்கத்தும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். ஜூன் 20இல் சுப்ரேனும் ஹியூஸும் ஐந்தாம் முறையாகப் பொருதனர். அத்திங்கள் இறுதியில் 'மெடியா' என்னும் கப்பல் சமாதானச் செய்தியுடன் கடலூர் சேர்ந்தது. ஐந்து திங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட பூசலுக்காக உயிர்நீத்தவருள் சென்னைப்படையைச் சேர்ந்த தமிழ்ச் சிப்பாய்களும் உளர். செப்டம்பர் 3இல் பாரிசில் அமெரிக்க விடுதலை ஏற்கப்பட்டது. திப்புவுடன் கும்பெனியார் செய்த மங்களூர் உடன்படிக்கை 1784 மார்ச்சில்தான் வந்தது.

கஞ்சித்தொட்டி சமாதானத்தோடு மூடப்படவில்லை. ஆதரவற்றோர் அங்கு வருவது நிற்கவில்லை. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் கும்பெனி மருத்துவர் அதனை அடுத்து நோயாளர்க்கு ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 1938இல் மருத்துவக் கல்லூரியும் அங்கு அமைந்தது. பெயர்ப்பலகையில் ஆளுநர் ஒருவர் பெயர் இருப்பினும், வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே கூறுவர்.