யூரிக் அமிலம்: காரணமா, கூட்டாளியா?

சிரம்பானை அடுத்த சுங்கை காடுட் வட்டாரத்தில் பால்மரங்களோடு வாழ்ந்த தலைமுறை இன்று முதுமை எய்திவிட்டது. வெட்டுக்கத்தியை வைத்துவிட்ட முதியோர் பலரின் கையில் இப்பொழுது இரத்தச் சோதனைச் சீட்டு இருக்கிறது. மலேசியாவில் வயது வந்தோரில் பத்தில் மூவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்ததாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறிற்று. அத்தகையோரின் சீட்டில் ‘யூரிக் அமிலம்’ மிகுந்திருந்தால் வீட்டார் அஞ்சுகின்றனர். அது இதயத்தைக் கெடுக்குமா? இவ்வினாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவர் இந்திய மரபில் வந்த ஒரு மருத்துவர் என்பது பலரும் அறியாத செய்தி.

யூரிக் அமிலம் என்பது உணவிலும் உடலணுக்களிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது உண்டாகும் கழிவு. அதன் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. 1776இல் சுவீடன் நாட்டு ஷீலே அதனைச் சிறுநீர்க் கல்லில் கண்டறிந்தார். கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து நோகும் ‘கவுட்’ நோயாளரின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை 1848இல் ஆங்கில மருத்துவர் காரட் காட்டினார்.

பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர் சேக் தீன் முகமது. அவருடைய பேரரே பிரடரிக் அக்பர் முகமது (1849–1884). லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்ற காலத்திலேயே, நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியை அவர் திருத்தியமைத்தார். கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் ரிவா ரோச்சியின் கருவி 1896இல்தான் வந்தது. அதற்கு முன்பே, சிறுநீரகம் கெடாதவரிடத்தும் அழுத்தம் மிகுந்திருப்பதை அவர் கண்டார். கவுட் நோய்க்கும் அதற்கும் உள்ள உறவையும் சுட்டினார். குடற்காய்ச்சல் கண்டு முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

பின்வந்த அலெக்சாண்டர் ஹெய்க் எல்லை கடந்தார். 1892இல் வெளிவந்த நூலில் தலைவலி முதலிய நோய்கள் பலவற்றுக்கும் யூரிக் அமிலமே மூலம் என்றார். புலால் மட்டுமன்றிப் பருப்பையும் தேநீரையும்கூட விலக்கச் சொன்னார். மிகைபடக் கூறிய கொள்கை நாளடைவில் செல்வாக்கிழந்தது.

ஆயினும் வழக்கு முடியவில்லை. 1999இல் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் எதிரெதிரே நின்றன. 1948இல் தொடங்கிய பிரேமிங்ஹாம் ஆய்வு, 6,763 பேரை ஆராய்ந்து, யூரிக் அமிலம் இதய நோய்க்குக் காரணமன்று என்றது. இரத்த அழுத்தமுள்ள 7,978 பேரை ஆராய்ந்த மற்றொன்றோ, அமிலம் மிகுந்தவர்க்கு இதய நோயும் மிகுதி என்றது. இம்முரண் ஏன்? அழுத்தம் மிகுந்தால் சிறுநீரகம் அமிலத்தைக் குறைவாகவே வெளியேற்றுகிறது. அழுத்தத்தைக் குறைக்கத் தரும் சிறுநீர்ப் பெருக்கி மருந்துகளும் அமிலத்தைக் கூட்டுகின்றன. ஆதலால் காரணம் எது, விளைவு எது எனப் பிரிப்பது அரிதாயிற்று.

இந்நிலையில் ஆய்வாளர் மருந்து கொடுத்தே சோதித்தனர். 2008இல், புதிதாக இரத்த அழுத்தம் கண்ட இளையோர் 30 பேருக்கு அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் கொடுத்தபோது அழுத்தம் தணிந்தது. ஆனால் 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இதய நோயுள்ள, கவுட் இல்லாத, அறுபது வயது கடந்த 5,721 பேரிடம் அதே மருந்து மாரடைப்பையோ பக்கவாதத்தையோ இதய மரணத்தையோ குறைக்கவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஒன்றோடு வருவதெல்லாம் ஒன்றால் வருவதாகாது. இரத்த அழுத்தமுள்ளவரிடத்து மிகுந்த யூரிக் அமிலம் ஓர் எச்சரிக்கை. அது சிறுநீரகத்தையும் உணவையும் மருந்தையும் கவனிக்கச் சொல்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் இறக்கத் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவது தகாது. அல்லோபியூரினால் சிலர்க்கு உயிருக்கே ஊறு செய்யும் தோல்நோயைத் தருவதுண்டு. மருத்துவர் தந்த இரத்த அழுத்த மருந்தை நாள் தவறாது உண்பதும், உப்பையும் சர்க்கரைப் பானங்களையும் மதுவையும் குறைப்பதும், புகையை விடுவதும் இதயத்தைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. கூட்டாளியைத் துரத்தப் போய் இரத்த அழுத்தம் என்னும் தெரிந்த பகையைத் தப்பவிடலாகாது.