எந்த எலுமிச்சை?

மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொதுச் சுகாதாரம். சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பாடத்துக்காக அவள் இலக்கிய மீளாய்வு எழுத வேண்டியிருந்தது. இலக்கியம் என்றதும் கம்பனையும் புதுமைப்பித்தனையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கேள்வியைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துச் சொல்லும் கட்டுரைக்கு அப்படி ஒரு பெயர். அவள் எடுத்துக்கொண்டது ஸ்கர்வி நோய். ஏன் என்று கேட்டேன்.

"ஈஸியான கதைப்பா. பன்னிரண்டு மாலுமி, எலுமிச்சம்பழம் சாப்பிட்டவங்களுக்கு மட்டும் சரியாயிடுச்சு. நேவி நாற்பது வருஷம் கண்டுக்கவே இல்லை. அவ்வளவுதான்."

26 ஆதாரங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து படித்தேன். 26-உம் ஏறக்குறைய அதே கதையைத்தான் சொல்லின. சிலவற்றில் வாக்கிய அமைப்புகூட மாறவில்லை. நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். ஒரே தகவல் இருபது அட்டவணைகளில் கிடந்தால் எங்கள் தொழிலில் அதை இருபது தகவலாக எண்ணமாட்டோம். மூலம் எது, நகல் எது என்றுதான் முதலில் கேட்போம். அந்தப் பழக்கத்தில் அவளிடம் கேட்டேன்: "இதில் எத்தனை பேர் ஜேம்ஸ் லிண்டின் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?" அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனோம். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரைக் காட்டினார். கடைசியில் நான்கு பேர் தேறினார்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். இருபது வருடங்களுக்கு முன் ஸ்காட்லாந்தில் முதுகலை படித்தபோது என் ஆய்வேட்டுக்கு நானும் ஒரு மீளாய்வு எழுதினேன். 41 கட்டுரைகள். 'இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்' என்று பத்திக்கு ஒருவராக வரிசையில் நிறுத்தியிருந்தேன். பெரும்பாலானவற்றில் நான் படித்தது முதல் பக்கத்துச் சுருக்கம் மட்டும். என் வழிகாட்டி அதை மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இவர்களில் யாருக்கும் யாருக்கும் சண்டை?" எனக்குத் தெரியவில்லை. என் வாதத்துக்குத் துணையாக நான் காட்டியிருந்த ஒரு கட்டுரை, நடுப்பக்கத்தில் அதற்கு நேர் எதிரானதைச் சொல்லியிருந்தது. அன்று அறைக்கு நடந்து திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது. மழை வேறு.

சரி, லிண்டுக்கு வருவோம். அவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவர், ஸ்காட்லாந்துக்காரர். 1747 மே 20 அன்று சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த லேகியம். மீதி இருவருக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிட்டார். எல்லோரும் சொல்லும் கதை இவ்வளவுதான். 1753-இல் எடின்பரோவில் வெளியான அவரது நூலில் இதற்குச் சில பக்கங்களே இடம். நூலோ 400 பக்கங்களுக்கு மேல்.

மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது? தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்: இந்த நோயைப் பற்றி வெளியானவற்றின் காலவரிசையிலான விமர்சனப் பார்வை. நூலின் மூன்றாம் பாகம் முழுக்க அதுதான். ஸ்கர்வியைப் பற்றி எழுதியவர்களை ஒவ்வொருவராக எடுத்து, என்ன சொன்னார்கள், அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கிறார். நோயைப் பற்றித் தெளிவாகப் பேசுவதற்கு முன்னால் நிறையக் குப்பையை அள்ள வேண்டியிருந்தது என்று முன்னுரையில் சொல்லிவிடுகிறார். யூகலேனஸ் என்ற மருத்துவரை அவர் விடுவதாயில்லை. 1604-இல் எழுதிய அந்த மனிதர் கண்ட நோயையெல்லாம் ஸ்கர்வி என்ற ஒரே பெயருக்குள் திணித்தார், பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்காமல் அவரையே பின்பற்றினார்கள் என்பது லிண்டின் குற்றச்சாட்டு. நம் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தொனி பழகியதுதான். 'என்பாரும் உளர்' என்று மாற்றாரின் கருத்தை முன்வைத்து, அது ஏன் பொருந்தாது என்று காட்டிய பிறகே அவர்கள் தம் உரைக்குப் போவார்கள்.

இவ்வளவு உழைப்புக்கும் காரணம் இருந்தது. 1740-இல் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட கடற்படையில் ஏறத்தாழ 1900 பேர் போனார்கள். 1300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எதிரியின் குண்டில் போனவர்கள் சொற்பம். நோய்தான், அதிலும் முக்கியமாக ஸ்கர்வி. லிண்ட் தன் நூலை ஆன்சனுக்கே காணிக்கையாக்கினார்.

நான் மகளிடம் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொன்ன இடம் இதற்கு அடுத்தது. விடை லிண்டின் கைக்குள்ளேயே இருந்தது. 1601-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணத்தில் லங்காஸ்டர் தன் கப்பலில் மட்டும் எலுமிச்சைச் சாறு கொடுத்து ஆட்களைக் காப்பாற்றிய செய்தி அவருக்குத் தெரியும். புதுக் காய்கறி கிடைக்காததுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று 1734-இலேயே பாக்ஸ்ட்ராம் எழுதியதும் தெரியும். தன் கையால் செய்த சோதனையும் இருந்தது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். அவரோ, ஈரக் காற்று வியர்வையை அடைத்துவிடுகிறது, அதனால் நோய் வருகிறது என்ற அக்காலக் கொள்கையிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. பழங்கள் கெட்டுப்போகும் என்பதால் சாற்றைச் சூடாக்கிக் குறுக்கி வைக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் வைட்டமின் சி பெருமளவு போய்விடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாகை வாங்கிக் குடித்தவர்களுக்குப் பெரிதாகக் குணமாகவில்லை. ஆகவே கடற்படை 'கண்டுக்கவே இல்லை' என்பது பாதிக் கதை. படித்தவர்களுக்கும் அந்த நூலிலிருந்து ஒரு முடிவை உருவி எடுப்பது சுலபமாக இருக்கவில்லை.

1794-இல் சஃபோக் என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் 23 வாரம் ஓடிச் சென்னைக் கடலில் நங்கூரம் போட்டது. தினமும் மது ரேஷனோடு எலுமிச்சைச் சாறு. ஸ்கர்வியால் ஒருவரும் சாகவில்லை. மறு ஆண்டே, கில்பர்ட் பிளேன் போன்ற மருத்துவர்களின் வற்புறுத்தலால், கடற்படை முழுவதும் சாறு வழங்க ஆணை வந்தது. சில ஆண்டுகளில் ஸ்கர்வி கடற்படையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. பெரும்பாலான கட்டுரைகள் இங்கே சுபம் போட்டுவிடுகின்றன. மகளும் இங்கேதான் முடித்திருந்தாள்.

ஆனால் அவளுடைய 26-இல் ஒன்று மட்டும் வேறு மாதிரி பேசியது. 1875-இல் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் போன பயணத்தில், அறிவியல் அவ்வளவு வளர்ந்த காலத்தில், பனிச்சறுக்கு வண்டி இழுத்துப் போனவர்களைத் திரும்பவும் ஸ்கர்வி வீழ்த்தியது. அதைப் பற்றி விசாரணை நடந்தது. அந்தக் கட்டுரையை 'மற்றவற்றோடு பொருந்தவில்லை' என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். என் வழிகாட்டியின் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. சண்டை இங்கேதான் இருக்கிறது, இதை எடு என்றேன்.

சமையலறைக்குப் போய் இரண்டு பழங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஒன்று மஞ்சளாக, இரு முனையிலும் கூம்பிய பெரிய பழம்: லெமன். மற்றது சின்னதாக, உருண்டையாக, பச்சையாக: லைம். "அப்பா, தமிழ்ல இது என்ன?" எலுமிச்சை. "அப்ப இது?" அதுவும் எலுமிச்சைதான். ஊரில் அம்மா சாதத்துக்குப் பிழிந்தது, ஊறுகாய் போட்டது, வண்டிச் சக்கரத்தடியில் வைத்தது எல்லாம் அந்தச் சின்ன ஜாதி. மஞ்சள் லெமனை நான் முதலில் பார்த்ததே ஸ்காட்லாந்துக் கடையில்தான். ஒரே சொல்லுக்குள் இரண்டு பழத்தையும் நாம் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே குழப்பினார்கள். லெமன் சாற்றை 'லைம் ஜூஸ்' என்றே எழுதினார்கள், பதிவேடுகளிலும் எழுதினார்கள்.

1860-களில் கடற்படை, மத்தியதரைக் கடல் பகுதியின் லெமனை விட்டுவிட்டு, தன் ஆட்சிக்கு உட்பட்ட மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. அது இன்னும் அதிகம் புளிப்பதால் மருந்துச் சக்தியும் அதிகம் என்று நம்பினார்கள். பெயர் மாறாததால் மாற்றம் நடந்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் நீராவிக் கப்பல் வந்து பயணம் குறுகிவிட்டிருந்தது. சாறு வேலை செய்கிறதா என்று தெரியும் அளவுக்கு யாரும் கடலில் இருக்கவில்லை. துருவப் பயணங்களில்தான் குட்டு வெளிப்பட்டது. அப்போதும் 'லைம் ஜூஸ் தோற்றது, ஆகவே பழச்சாற்றுக் கதையே பொய்' என்ற முடிவுக்குத்தான் பலர் போனார்கள். 1901-இல் ஸ்காட்டோடு அண்டார்டிகா போன மருத்துவர் கோட்லிட்ஸ், கெட்டுப்போன டின் இறைச்சியின் விஷமே ஸ்கர்விக்குக் காரணம் என்று நம்பினார். 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினிப் பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்து ஸ்கர்வியை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் சோதித்துப் பார்க்க ஒரு வழி பிறந்தது.

பிறகு முதல் உலகப் போர். மெசபடோமியாவில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியில் விழுந்தார்கள். லைம் ஜூஸ் கைகொடுக்கவில்லை. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் அவருடன் வேலை செய்த பெண்களும் விலங்குகளில் சோதித்து, லைம் சாற்றின் சக்தி லெமன் சாற்றில் கால் பங்குதான், பதப்படுத்திய லைம் சாறு கிட்டத்தட்ட எதற்கும் உதவாது என்று 1918-இல் வெளியிட்டார்கள். அப்படியானால் நூறு ஆண்டுகளுக்கு முன் அதே லைம் ஜூஸ் கடற்படையைக் காப்பாற்றியது எப்படி?

இதற்குப் பதில் சோதனைச்சாலையில் கிடைக்காது. அதே குழுவைச் சேர்ந்த ஆலிஸ் ஹெண்டர்சன் ஸ்மித் பழைய ஆவணங்களுக்குப் போனார். ஒவ்வொன்றிலும் 'லைம் ஜூஸ்' என்று எழுதியவர் உண்மையில் எந்தப் பழத்தைச் சொன்னார், சாறு எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். வெற்றிகள் லெமனுடையவை, தோல்விகள் லைமுடையவை. 1850-இல் ஆர்க்டிக் போன இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் இருந்தது லெமன்; இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஸ்கர்வி தலைகாட்டவில்லை. நேர்ஸின் கப்பல்களில் இருந்தது லைம். ஸ்மித்தின் கட்டுரை 1919-இல் ராணுவ மருத்துவப் பிரிவின் இதழில் வந்தது. புதிதாக ஒரு சோதனையும் அதற்காக அவர் செய்யவில்லை. இருந்ததைச் சேர்த்துப் படித்தார். நான் அறிந்த இலக்கிய மீளாய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. மகளின் 26-இல் அவர் பெயர் எங்குமில்லை.

இதெல்லாம் காகிதக் காலத்துக் கதை, இப்போது தேடுபொறி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிடுமே என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை என் துறைக்காரர்கள் மறக்கக் கூடாது. ஆஸ்துமா ஆய்வொன்றில் ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த, நோய் ஏதுமற்ற 24 வயதுப் பெண் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கைகள் 1950-களின் மருத்துவ இதழ்களில் இருந்தன. ஆய்வாளர் பப்மெட் தரவுத்தளத்தில் தேடினார். அன்று அது 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். தேடலின் விளிம்பை அறிவின் விளிம்பு என்று எடுத்துக்கொண்ட அந்தத் தவறை நான் எத்தனை திட்டங்களில் செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததுண்டு. என் தவறுகளில் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

மகளின் பட்டியல் 26-லிருந்து 11-ஆகக் குறைந்தது. லிண்டின் நூலே வருடப்பட்ட வடிவில் கிடைத்ததால் அதைச் சேர்த்துக்கொண்டாள். ஸ்மித்தின் கட்டுரையை நூலகர் ஒருவர் இரண்டு நாளில் எடுத்துக் கொடுத்தார். அவளுக்காக ஒரு சின்னத் தரவுத்தளம் கட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விரிதாளில் ஒரு பட்டியலைத் தானே போட்டாள். நூல், ஆண்டு, நேரில் பார்த்தாரா கேட்டு எழுதினாரா, யாரோடு முரண்படுகிறார் என்று நாலைந்து பத்திகள். எல்லாவற்றுக்கும் முதல் பத்தியின் தலைப்பு: 'எந்தப் பழம்?' 11 வரிசைகளில் ஆறில் கேள்விக்குறி இருந்தது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேள்விக்குறி நான்காகியிருந்தது.