அறுவைக்குப் பின் வலி: பொய்த்த ஆய்வுகளும் பொய்க்காத மருந்தும்

2009 மார்ச்சில் மயக்கவியல் துறை தலைகுனிய நேர்ந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபன் எழுதிய 21 கட்டுரைகளின் தரவுகள் புனையப்பட்டவை என்பது வெளிவந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அழற்சி எதிர்ப்பு மருந்துகளை, குறிப்பாக செலிகாக்சிப் வகையை, முன்னிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அவரோடு சேர்த்து அந்த மருந்துகளின் மதிப்பும் சரிந்தது என்று சிலர் கருதினர். அது அவசரத் தீர்ப்பு என்பதே என் வாதம்.

இம்மருந்துகளுக்கான அடித்தளம் ரூபன் போட்டதன்று. ஆஸ்பிரின் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971இலேயே காட்டிவிட்டார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கத்தி பட்ட திசுவில் சுரக்கும் புராஸ்டகிளாண்டின் நரம்பு நுனிகளைக் கூச்சப்படுத்துகிறது. இருமினாலே தையல் போட்ட இடம் சுண்டி இழுப்பது அதனால்தான். மருத்துவப் பயனுக்கான சான்று பெரும்பாலும் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடமிருந்து வந்தது. போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், ஒருவருக்குக் கூடுதலாகப் பாதி வலியாவது குறைய எத்தனை பேருக்கு மருந்து தரவேண்டும் என்பது கணக்கு. ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமுக்கு 2.5 பேர். கோடீன் 60 மில்லிகிராமுக்கு 12 பேர். ஐபுபுரூஃபன் 200, பாராசிட்டமால் 500 இரண்டையும் சேர்த்தால் 1.6. பல குழுக்கள் தனித்தனியே செய்த சோதனைகளின் கூட்டுத்தொகை இது. ஒருவர் பொய் சொன்னதால் சரிந்துவிடாது.

சரிந்தவை வேறு. அறுவைக்கு முன்பே மாத்திரை கொடுத்தால் மாதக்கணக்கில் நீளும் வலியைத் தடுக்கலாம் என்பது ஒன்று. முதுகெலும்பு இணைப்பு அறுவையில் எலும்பு கூடுவதற்கு இம்மருந்து இடையூறு செய்யாது என்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் எனக்குக் கவலை. செலிகாக்சிப் வகை மருந்துகள் தடுக்கும் நொதி காக்ஸ்-2. அதன் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் முறிந்த எலும்பு சரியாகக் கூடவில்லை என்பது 2002இல் வெளியானது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் எலும்பு மருத்துவரின் தயக்கத்தைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது.

ஆபத்து எங்கே என்பதை வார்டில்தான் பார்க்கவேண்டும். இடுப்பெலும்பு முறிந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு, அறுவையில் கொஞ்சம் ரத்த இழப்பு. வீட்டில் சாப்பிடும் ரத்த அழுத்த மருந்து எனலாப்ரிலும் சிறுநீர் பெருக்கி ஃப்யூரோசிமைடும் கேஸ் ஷீட்டில் அப்படியே தொடர்கின்றன. ரத்தம் குறைந்த வேளையில் சிறுநீரகத்துக்குள் செல்லும் நாளத்தைத் திறந்து வைத்திருப்பது புராஸ்டகிளாண்டின். இதே அழற்சி எதிர்ப்பு வகையான டைக்ளோஃபெனாக் வலி ஊசியாக ஏறியதும் அந்த நாளம் சுருங்குகிறது. வெளியேறும் நாளத்தை இறுக்கி அழுத்தத்தைக் காக்கும் வழியை எனலாப்ரில் ஏற்கெனவே அடைத்துவிட்டது. மறுநாள் காலை சிறுநீர்ப் பையில் மஞ்சள் கோடாக அடியில் கொஞ்சம்தான் இருக்கும். இதயத்துக்கும் எச்சரிக்கை உண்டு: இதய பைபாஸ் அறுவைக்குப் பின் செலிகாக்சிப் வகையைச் சேர்ந்த பாரிகாக்சிப், வால்டிகாக்சிப் பெற்றவர்களிடம் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் கூடியதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொரு அழற்சி எதிர்ப்பு மருந்தான கீட்டோரோலாக்கை ஐந்து நாளுக்கு மேல் நீட்டக்கூடாது என்பது பழைய விதி.

ஆக, கேள்வி கொடுப்பதா வேண்டாமா என்பதன்று. யாருக்கு, எத்தனை நாள், எந்த மணிக்கு என்பதே. இங்கேதான் நம் பழக்கம் சறுக்குகிறது. பல கேஸ் ஷீட்டுகளில் வலி மருந்துக்கு நேரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வலித்தால் கொடு என்பது பொருள். நோயாளி முனகவேண்டும், உடனிருப்பவர் நர்ஸைத் தேடிப் போகவேண்டும், நர்ஸ் டியூட்டி டாக்டரைக் கேட்கவேண்டும். அழற்சி எதிர்ப்பு மருந்தோ இனிச் சுரக்கப்போகும் புராஸ்டகிளாண்டினைத் தடுக்குமே தவிர, சுரந்துவிட்டதை அழிக்காது. ஆகவே முதுகில் போட்ட மயக்க ஊசியின் மரப்பு விலகுமுன் முதல் வேளை உள்ளே போயிருக்கவேண்டும். (ரூபன் சொன்ன ‘முன்கூட்டி’யோடு இதைக் குழப்பவேண்டாம், அவர் பேசியது மாதங்களை, நான் பேசுவது அன்றிரவை.)

சிறுநீரகமும் வயிறும் நன்றாயிருக்கும் இளைஞருக்குக் குடலிறக்க அறுவை என்றால் ‘ஐபுபுரூஃபன் 400, காலை 6, மதியம் 2, இரவு 10, சாப்பாட்டோடு, மூன்றாம் நாள் நிறுத்து’ என்று எழுதலாம், கூடவே பாராசிட்டமால். அந்தப் பெரியவரின் ஷீட்டில் டைக்ளோஃபெனாக் வரியை அடித்துவிட்டு, பாராசிட்டமாலுக்கு மணி குறித்து, தொடையில் நரம்புத் தடுப்பு ஊசி போடவேண்டும். காலையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கவேண்டும்.