தாளத்தின் சரித்திரம் – 17: வெங்காய குருவும் காகித நாய்ச் சிஷ்யனும்

சென்ற இதழில், கண்டி தலதா மாளிகையின் தேவாவ வேளைகளில் ஒலிக்கும் ஹேவிசி வாத்தியங்களைப் பற்றியும், தவுல், தம்மட்டம், ஹொரணை ஆகியவற்றை வழிவழியாக வாசித்துவரும் குடும்பங்களைப் பற்றியும் விஸ்தாரமாகப் பார்த்தோம். இவ்விதழில் நமது சரித்திரம் கடல் கடந்து ஜப்பானுக்குச் சென்று, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆடப்படும் ஒரு வீடியோ கேமிற்குள் புகுகின்றது. பெரஹரா வீதியின் ஓசையிலே வளர்ந்த முதியோருக்கு இது வீண் வேடிக்கையாகத் தோன்றலாம். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ, தாம் பிறக்குமுன்பே பழையதாகிப்போன சரக்காகத் தோன்றலாம். இரு சாராரும் சற்றுப் பொறுமையோடு வாசிப்பார்களாக.

1994 டிசம்பரில் சோனி நிறுவனத்தார் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் என்னும் யந்திரம், விளையாட்டுகளைக் குறுந்தகட்டில் ஏற்றிக் கொடுத்தமையால், பழைய யந்திரங்கள் எழுப்பிய கீச்சொலிகளுக்குப் பதிலாக, மனிதக் குரலும் மெய்யான வாத்தியமும் கலந்த முழுப் பாட்டையே விளையாட்டுக்குள் வைக்கும் வசதி அதில் இருந்தது. இவ்வசதியின் உட்பொருளைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர், ஸைஸ் என்னும் இசைக்குழுவில் பெயர்பெற்ற மசாயா மத்சூரா. அவருடைய நானாஓன்-ஷா நிறுவனத்தார் ஆக்கி, அமெரிக்க ஓவியர் ராட்னி கிரீன்பிளாட் உருவங்கள் வரைந்து கொடுக்க, 1996 டிசம்பரில் வெளிவந்ததே 'பராப்பா த ராப்பர்'. தாளத்தையே விளையாட்டாகக் கொண்ட பிற்காலப் படைப்புகள் பலவற்றுக்கும் இதுவே முன்னோடி என்பர்.

கதை மிக எளியது. காகிதம்போல் தட்டையான பராப்பா என்னும் நாய்க்குட்டி, சன்னி என்னும் பூமுகப் பெண்ணின் அன்பைப் பெறும் பொருட்டு, வெங்காயத் தலையுடைய ஆசானிடம் சண்டைக்கலையும், கடமான் ஒருத்தியிடம் கார் ஓட்டுதலும், சந்தையிலே கடை விரித்த தவளையிடம் வியாபாரமும், கோழி ஒன்றிடம் கேக் செய்தலும் கற்று, ஐந்தாவது கட்டத்தில் கழிப்பறை வரிசையில் முந்தவேண்டி அந்நான்கு ஆசான்களையே எதிர்த்துப் பாடி, ஆறாவதில் மேடை ஏறுகின்றது. பாடமெல்லாம் ராப் என்னும், தாளத்தோடு பேசும் பாட்டாலேயே நடைபெறும்.

திரையின் மேற்புறத்தில் ஒரு கோடு. அதன்மீது முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் முதலிய பொத்தான் குறிகள். முதலில் ஆசானின் தலை அக்கோட்டின்மீது நகர்ந்து செல்ல, அவர் ஓர் அடியைப் பாடுவார். பின்பு பராப்பாவின் தலை நகரும். அப்போது நாம் அதே பொத்தான்களை அதே காலப்பிரமாணத்தில் அழுத்தினால், ஆசான் சொன்ன அடியைச் சிஷ்யன் திருப்பிச் சொல்வான். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சொல் அடங்கியிருப்பதால், கை தவறினால் பாட்டே உளறலாகிவிடும். 'கூல்', 'குட்', 'பேட்', 'ஆஃபுல்' என நான்கு தரங்கள் உண்டு. நாம் 'குட்' நிலையில் தொடங்குகிறோம். முடிவிலும் அந்நிலையிலாவது நின்றாலன்றி அடுத்த பாடம் இல்லை.

கண்டிச் சீமையின் நித்தவெல, அமுனுகம முதலிய நர்த்தன கிராமங்களின் பயிற்சி முறையை அறிந்தவர்க்கு இவ்வேற்பாடு புதிதன்று. கெட்டபெர என்னும் மேளத்துக்குரிய தத், ஜித், தொம், நம் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களைக் குரு வாயால் உரைக்கச் சிஷ்யன் அவற்றை வாயாலும் கையாலும் திருப்பித் தருவதே அங்கு அரிச்சுவடி. ஆடுவோரும் அவ்வாறே, பா சரம்ப பன்னிரண்டும், கொட சரம்ப பன்னிரண்டும் அப்பியாசம் செய்து கால் படிந்த பின்னரே, யானை, மயில், குதிரை முதலியவற்றின் இயல்பைக் காட்டும் பதினெட்டு வன்னங்களுக்குச் செல்வர். அவ்வன்னங்கள் நரேந்திரசிங்க மன்னன் (1707–1739) காலத்தில் உருப்பெற்றன என்பதும், கணிதாலங்கார என்னும் இந்திய வித்துவானுக்கு அதில் பங்குண்டு என்பதும் ஐதிகம். இவ்வளவும் கடந்தவனுக்கே, சுபமுகூர்த்தத்தில், வெஸ் என்னும் தலையணி சூட்டப்படுகின்றது.

பராப்பாவின் பெருஞ்சிறப்பும், புதியவரைத் திகைக்கவைக்கும் கஷ்டமும் இவ்விடத்திலேயே இருக்கின்றன. ஆசான் சொன்னதை அணுவும் பிசகாமல் திருப்பிச் சொல்பவன் எத்தனை முறை சொன்னாலும் 'குட்' என்ற படியிலேயே நிற்பான். தாளத்தின் எல்லைக்குள் நின்றுகொண்டே, ஆசான் வைத்த சொற்களுக்கு இடையில் தன் சொற்களையும் கோத்து, அடியை அழகுபட விரிப்பவனுக்கே 'கூல்' கிட்டும். கிட்டியதும் ஆசான் இடத்தைவிட்டு விலகிவிட, மேடை முழுதும் சிஷ்யனுக்கு உரியதாகும். அந்நிலையில் தடுமாறினால் ஆசான் திரும்பி வந்துவிடுவார். இவ்விதியை யாரும் முன்கூட்டி வெளிப்படச் சொல்லாமையால், கீழ்ப்படிதலே முழு வித்தையென்று நம்பிச் சலித்துப் போனவர் பலர்.

மற்றொரு கஷ்டம் கண்ணால் வருவது. கோட்டின்மீது நகரும் தலையைப் பார்த்து அழுத்துபவன், பார்த்தபின் அழுத்துவதால், எப்போதும் ஒரு நொடித்துகள் பிந்துவான். அடித்தாளத்தைக் காதால் பற்றி, அடுத்த அட்சரத்தை முன்னமே எதிர்பார்ப்பவனுக்கே விரல் நேரத்துக்கு விழும். பழைய குழாய்த் தொலைக்காட்சி படத்தை உடனுக்குடன் காட்டியது. இக்காலத் தட்டைத் திரைகளோ படத்தைச் செப்பனிட்டுக் காட்டுவதில் சிறிது தாமதிக்கின்றன. ஆதலால் 2017ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் 4க்கென வந்த மறுபதிப்பை ஆட விரும்புவோர், தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்னும் அமைப்பை முதலில் இயக்கிக்கொள்வது நலம். அதன்பின், வெங்காய ஆசானின் முதற்பாடத்தைப் பொத்தானே தொடாமல் சிலமுறை ஓடவிட்டு, தொடையிலே தாளம் தட்டிப் பழகுக. பாட்டு மனத்தில் ஊறியபின் அடியை அப்படியே திருப்புக. அது வாய்த்தபின் ஒன்றிரண்டு சொற்களை இடையே சேர்த்துப் பார்க்க.

இரு குருகுலங்களுக்கும் உள்ள பேதத்தையும் சொல்லியாக வேண்டும். நித்தவெலக் குரு சிஷ்யனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவார். யந்திரமோ 'பேட்' என்று தீர்ப்பு மட்டும் சொல்லி, முந்தினாயா, பிந்தினாயா, சொல் மாறினாயா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும். காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு ஆடுபவனுடையதே. அதனால் இந்த விளையாட்டை வெல்பவன் சிஷ்யனாக இருக்கும்போதே தனக்குத் தானே குருவாகவும் இருக்கக் கற்றுக்கொள்கிறான்; மலையகத் தோட்டங்களில், காமன் கூத்துக்குத் தப்படிப்பவர்களின் அருகில் நின்று, யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தராமலே அடிகளைக் காதில் வாங்கிக்கொண்ட சிறுவர்களுக்கு இவ்வகைக் கல்வி சுலபமாகவே கைவரும்.

விரலுக்கு உரியதாயிருந்த இத்தாள விளையாட்டைக் கொனாமி நிறுவனத்தார் 1998இல் காலுக்கு இறக்கி, காண்போர் நடுவே ஆடவைத்த 'டான்ஸ் டான்ஸ் ரெவொல்யூஷன்' என்னும் யந்திரத்தின் வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)